முதல் வரியும் கடைசி வரியும்
மின்னஞ்சலில் ஒரு பெண் தன்னை எப்படி அறிமுகப்படுத்துகிறாள்?

கடிதம் எழுதும் முறையை நாம் பாடசாலையில் படித்தோம். வலது பக்க மூலையில் முகவரியும் திகதியும், அதன் கீழே விளிப்பு, நடுவில் விடயம், இறுதியில் "இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள" என்று ஒப்பம். ஐந்து புள்ளிக்கு வரும் கேள்வியென்றாலும் அந்த ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டது. ஆனால் மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்பதை நம்மில் பெரும்பாலானோருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளையின் பாடசாலை அனுமதி, வேலைக்கான விண்ணப்பம், வங்கிக்கு ஒரு முறைப்பாடு, பிரதேச செயலகத்திடம் ஒரு விளக்கம் என்று தேவைகள் வரும்போது நாம் திரையின் முன் அமர்கிறோம். சொல்ல வேண்டிய விடயம் தெளிவாகவே இருக்கிறது. முதல் வரியில்தான் விரல்கள் தயங்கி நிற்கின்றன.

இன்று உறவினரோடும் நண்பர்களோடும் கதைப்பதற்கு வட்ஸ்அப் போதும் என்றாகிவிட்டது. மின்னஞ்சலை நாம் பெரும்பாலும் அறிமுகமில்லாதவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் தொழில் தருபவர்களுக்குமே எழுதுகிறோம். அதனால் அதன் தொடக்கமும் முடிவும் முன்னரைவிட முக்கியமாகிவிட்டன. எதிரில் இருப்பவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. தன்னை மதிக்கிறாளா, தன்னையே மதிக்கிறாளா என்ற இரண்டையும் அவர் அந்த இரு வரிகளிலிருந்தே கணித்துக் கொள்கிறார்.

விளிப்பு இல்லாமல் பிறந்த கடிதம்

மின்னஞ்சலுக்கு நிலையான ஒரு விளிப்பு ஏன் அமையவில்லை என்பதற்கு அதன் பிறப்பிலேயே விடை இருக்கிறது. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரே டொம்லின்சன் என்ற பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். முகவரியின் நடுவில் நாம் இன்றும் இடும் '@' குறியைத் தெரிவு செய்தவரும் அவரே. 1973இல் அனுப்புநர், திகதி, விடயம் என்ற தலைப்பு வரிகளை ஒழுங்குபடுத்தும் ஆவணம் ஒன்று வெளிவந்தது. இந்த அமைப்பைச் சற்று உற்றுப் பாருங்கள். காரியாலயத்துக்குள் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகும் குறிப்பின் வடிவம்தான் இது. அத்தகைய குறிப்பில் "அன்புள்ள" என்று யாரும் எழுதுவதில்லை. பெயர் ஏற்கெனவே மேலே இருக்கிறது.

அன்று மின்னஞ்சல் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறு குழுவினர். கணினி வலையமைப்பின் முன்னோடிகளுள் ஒருவரான ஜே. சி. ஆர். லிக்லைடர், அல்பர்ட் வெஸா என்பவருடன் சேர்ந்து 1978இல் எழுதிய கட்டுரையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். வயதிலும் பதவியிலும் உயர்ந்தவருக்கும்கூட மின்னஞ்சலில் சுருக்கமாக, எழுத்துப் பிழைகளோடு எழுதலாம். பெறுபவர் அதைத் தவறாக எடுப்பதில்லை என்பது அவர்களுடைய அவதானிப்பு. ஆனால் அந்தச் சிறு குழு உலகமாக விரிந்தபோது நிலைமை மாறிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் எழுதத் தொடங்கினார்கள். விளிப்பில்லாத கடிதம், படலையைத் தட்டாமல் நேரே அடுப்படிக்குள் நுழையும் ஆளைப் போலத் தோன்றியது. ஆகவே பழைய கடிதத்தின் மரியாதைகளை மக்கள் தாமாகவே மின்னஞ்சலுக்குள் கொண்டுவந்தார்கள். எவ்வளவு கொண்டுவருவது என்பதில் மட்டும் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை.

நமது பழைய வாசல்கள்

நமது வீடுகளுக்கு வந்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள். தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி, அல்லது சிலுவைக் குறி, அல்லது 786 என்ற எண். "அன்புள்ள அம்மாவுக்கு மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலமறிய ஆவல்." முஸ்லிம் வீடுகளில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி "வஸ்ஸலாம்" என்று நிறைவுறும். "மற்றவை பின், இப்படிக்கு அன்பு மகள்" என்ற முடிவு பலருடைய வீட்டில் பெட்டியின் அடியில் இன்னமும் மஞ்சளித்துக் கிடக்கும். மத்திய கிழக்கில் வேலைக்குச் சென்ற தாய்மார் நீல நிற வான்கடிதத்தில் இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதினார்கள். அப்படி இடம் இல்லாதபோதும் அந்த முதல் வரியையும் கடைசி வரியையும் அவர்கள் விட்டதில்லை.

இவற்றை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. முதல் வரியில் உறவு சொல்லப்படுகிறது. கடைசி வரியில் எழுதியவர் யாரென்று மறுபடியும் உறுதி செய்யப்படுகிறது. வீட்டுக் கடிதத்தில் அந்த உறவு தெளிவானது. வெளியாருக்கு எழுதும்போதுதான் சிக்கல் எழுகிறது. அங்கே ஒரு பெண் யாராக எழுதுகிறாள்?

"ஐயா" என்று ஏன் தொடங்குகிறோம்?

விண்ணப்பக் கடிதங்களில் பெரும்பாலானவை "டியர் சேர்" என்றோ "மதிப்பிற்குரிய ஐயா" என்றோ தொடங்குகின்றன. எழுதுபவர் பெண். சில வேளைகளில் அதைப் படிக்கப் போகும் அதிகாரியும் பெண். ஆயினும் இருவருக்கும் நடுவில் இல்லாத ஓர் ஆணை நிறுத்தி வணங்கிவிட்டே கடிதம் தொடங்குகிறது. பாடப்புத்தகத்து மாதிரிக் கடிதம் அப்படி இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை. பிரதேச செயலாளர்களாக, அதிபர்களாக, வங்கி முகாமையாளர்களாகப் பெண்கள் பலர் கடமையாற்றும் நாட்டில் இந்தப் பழக்கத்தை நாம் மீள்பரிசீலனை செய்தாக வேண்டும்.

இதற்கு நல்ல வழியொன்றைத் தமிழே வைத்திருக்கிறது. "மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு", "மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு" என்று எழுதினால் போதும். 'அவர்கள்' என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது, மரியாதையும் குறையாது. ஆங்கிலத்தில் எழுதும்போதும் 'டியர்' என்ற சொல்லுக்குப் பின் பதவிப் பெயரை இடலாம். பெயர் தெரிந்தால் பெயரையே எழுதுவது மிக நன்று. பெயரைத் தேடி அறிய எடுத்துக்கொண்ட சிரமமே ஒரு மரியாதைதான்.

'டியர்' என்பதற்கு நேராக 'அன்புள்ள' என்று எழுதலாமா என்ற தயக்கம் பல சகோதரிகளுக்கு உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆங்கிலத்தில் அந்தச் சொல் பாவனையில் தேய்ந்து வெறும் தொடக்கக் குறியாகிவிட்டது. தமிழில் 'அன்பு' இன்னமும் தன் பொருளை இழக்கவில்லை. அறிமுகமில்லாத ஆண் அதிகாரிக்கு 'அன்புள்ள' என்று எழுதக் கூச்சப்படும் பெண் தன் மொழியைச் சரியாகவே உணர்ந்திருக்கிறாள். அவ்விடத்தில் 'மதிப்பிற்குரிய' என்பதே பொருந்தும். அந்தச் சொல் ஒரு வேலியாகவும் உதவும். மேலதிகாரி ஒருவர் தேவையற்ற நெருக்கத்தைக் காட்டும் விளிப்புகளோடு எழுதத் தொடங்கினால், பதிலில் நாம் அதே 'மதிப்பிற்குரிய' என்பதை மாற்றாமல் எழுதுவது எல்லையை அமைதியாக நினைவூட்டும். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். முறைப்பாடு செய்யும்போது அவையே சாட்சி.

திருமதியா, செல்வியா?

நாம் யாரென்று எழுதும் இடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆணுக்கு 'திரு' என்ற ஒன்றே போதும். பெண்ணோ திருமதியா செல்வியா என்று அறிவித்த பின்னரே தன் காரியத்தைப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு மின்கட்டண முறைப்பாட்டுக்கும் திருமணத்துக்கும் என்ன தொடர்பு? கணவரைப் பிரிந்து வாழ்பவர், கணவரை இழந்தவர், கணவர் காணாமலாக்கப்பட்டு ஆண்டுக்கணக்காக விடை தேடி அலைபவர் என்று இரண்டு சொற்களுக்குள் அடங்காத வாழ்வுகள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் ஒரு முள்.

வேறு நாடுகளில் இதைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். திருமண நிலையைக் காட்டாத 'மிஸ்' (இகர ஒலி ஸகரமாக அன்றி இஸட் எழுத்தின் ஒலியோடு முடிவது) என்ற ஆங்கில அடைமொழி 1901ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் முன்மொழியப்பட்டது. 1970களின் பெண்கள் இயக்கத்தோடு அது பரவலானது. மேற்கு ஜேர்மனியில் திருமணமாகாத பெண்ணைக் குறித்த அடைமொழி 1970களின் தொடக்கத்தில் அரச பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. பிரான்ஸ் அரசு 2012இல் 'மத்மசெல்' என்ற சொல்லைத் தன் நிர்வாகப் படிவங்களிலிருந்து நீக்கியது.

நாம் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலின் முடிவில் எந்த அடைமொழியும் இல்லாமல் பெயரை மட்டும் எழுதலாம். தேவையான இடத்தில் 'ஆசிரியை', 'கணக்காளர்', 'மகளிர் சங்கச் செயலாளர்' என்று நமது பணியை அதன் கீழே குறிப்பிடலாம். நாம் என்ன செய்கிறோம் என்பது, நாம் யாருடைய மனைவி அல்லது மகள் என்பதைவிட அந்தக் கடிதத்துக்கு அதிகம் தேவைப்படும் தகவல்.

இதில் நம்மவர்களுக்கே உரிய குழப்பமொன்றும் உண்டு. மாலதி என்ற ஒரு பெண்ணை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவர் 'சிவலிங்கம் மாலதி' என்று தந்தையின் பெயரோடு சேர்த்து ஒப்பமிடுகிறார். வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து "திரு. சிவலிங்கம்" என்று பதில் வருகிறது, கடிதம் தந்தைக்குப் போய்விட்டது! எது தன்னுடைய பெயர், எது தந்தையின் அல்லது கணவரின் பெயர் என்பதை எதிரில் இருப்பவர் அறிய வழியில்லை. முழுப் பெயரைக் கீழே எழுதி, "என்னை மாலதி என்று அழைக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

பணிவும் கெஞ்சலும் ஒன்றல்ல

இனிக் கடைசி வரிக்கு வருவோம். பழைய மாதிரிக் கடிதங்களில் "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்ற முடிவைக் கண்டிருப்பீர்கள். ஆங்கிலேயர் காலத்து அரச கடிதங்களின் நிழல் அது. அங்கே அது இரு தரப்பும் எழுதிய சடங்கு வாசகம். பெரிய அதிகாரியும் சாதாரண ஒருவருக்கு அப்படியே ஒப்பமிடுவார். நம் கைக்கு வந்தபோது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எழுதும் வாசகமாக அது மனதில் தங்கிவிட்டது. அதன் எச்சமாக இன்றும் மின்னஞ்சல்களில் "தயவுகூர்ந்து", "பெருமனதுடன்", "தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்ற சொற்கள் வரிக்கு வரி வருகின்றன. பெண்கள் எழுதும் கடிதங்களில் மன்னிப்புக் கேட்டே தொடங்கும் பழக்கம் நம் வளர்ப்போடு வந்தது.

ஆனால் நாம் கேட்பது பல வேளைகளில் தயவு அல்ல, உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு பிரசை பொது அதிகாரசபையிடம் எழுத்துமூலம் தகவல் கேட்கலாம். இலத்திரனியல் முறையில் எழுதுவதும் எழுத்துமூலமே. ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தகவலை வழங்குவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்கத் தகவல் அலுவலர் கடமைப்பட்டவர். 1988ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 16ஆவது திருத்தம் அரச அலுவலகங்களோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை உறுதி செய்கிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமோ, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்டப் பெறுமானத்தை மறுக்கக்கூடாது என்கிறது. காணி விற்பனை, மரணசாசனம் போன்ற சில மட்டுமே இதற்கு விலக்கு. இவ்வளவு பலம் பின்னால் இருக்கும்போது ஒரு பெண் தன் மின்னஞ்சலைக் கெஞ்சலோடு முடிக்க வேண்டிய அவசியம் என்ன?

அதற்காக மரியாதையைக் கைவிட வேண்டும் என்பதல்ல. நன்றி சொல்வதன் பலத்தை ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. அடம் கிரான்ட், பிரான்செஸ்கா ஜீனோ ஆகிய ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு மாணவனின் வேலை விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு அம்மாணவனிடமிருந்து மின்னஞ்சல் சென்றது. சிலருக்கு வந்ததில் நன்றி இருந்தது. சிலருக்கு வந்ததில் இல்லை. இரண்டிலும் மேலும் ஓர் உதவி கேட்கப்பட்டிருந்தது. நன்றி பெறாதவர்களில் 32 வீதமானோர் மீண்டும் உதவினர். நன்றி பெற்றவர்களிலோ 66 வீதமானோர் உதவினர். தாம் மதிக்கப்படுகிறோம் என்ற உணர்வே இதற்குக் காரணம் என்பது அவர்களுடைய முடிவு.

நன்றி ஒருவரைச் சிறுமைப்படுத்துவதில்லை, கெஞ்சல் சிறுமைப்படுத்துகிறது. "தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி." என்பதில் பணிவும் இருக்கிறது, நிமிர்வும் இருக்கிறது.

வேலைத்தளத்தின் வெப்பமானி

வேலை செய்யும் இடத்தில் நாளாந்தம் மின்னஞ்சல் எழுதும் சகோதரிகளுக்கு இன்னொரு ஆய்வு பயன்படும். ஜோன் வால்ட்வோகல் என்பவர் நியூசிலாந்தில் இரண்டு வேலைத்தளங்களின் மின்னஞ்சல்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். ஒன்று கல்வி நிறுவனம். மறுசீரமைப்பினால் ஊழியர்களிடையே மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும் நிலவியது. மற்றது ஒரு தொழிற்சாலை. முகாமைத்துவமும் தொழிலாளரும் நல்லுறவோடு இருந்தனர். படித்தவர்கள் நிறைந்த கல்வி நிறுவனத்தில்தான் விளிப்பும் முடிவுரையும் குறைவாக இருந்தன. தொழிற்சாலையில் பெயர் சொல்லி விளித்து, அன்போடு முடிக்கும் வழக்கம் அதிகமாக இருந்தது. ஓர் இடத்தின் உறவு நிலையை அதன் மின்னஞ்சல்களே காட்டிக் கொடுக்கின்றன.

ஆகவே உங்களுக்குக் கீழே பணிபுரிபவருக்கு எழுதும்போது அவருடைய பெயரை எழுதத் தவறாதீர்கள். "உடனே அனுப்பவும்" என்று மொட்டையாக வரும் கட்டளைக்கும், பெயரோடு தொடங்கி நன்றியோடு முடியும் வேண்டுகோளுக்கும் இடையே இருப்பது நான்கு சொற்கள்தான். பெறுபவரின் நாளை அந்த நான்கு சொற்கள் மாற்றிவிடும். ஒரே நாளில் மாறி மாறிப் பதில் எழுதும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் முழு விளிப்பு வேண்டியதில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை வணக்கம் சொல்வோமா?

சில நடைமுறைக் குறிப்புகள்

• விடய வரியை வெறுமையாக விடாதீர்கள். "தரம் 1 அனுமதி – மேன்முறையீடு" என்பது போல் சுருக்கமாக எழுதுங்கள்.

• முதல் வரியில் பதவியோ பெயரோ இருக்கட்டும். பெயரின் எழுத்துக்களை ஒருமுறை சரிபாருங்கள்.

• இரண்டாவது வரியிலேயே நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மன்னிப்போடு தொடங்க வேண்டாம்.

• முடிவில் நன்றி, முழுப் பெயர், பணி அல்லது ஊர் ஆகியவை போதும். 1995இல் வெளியான இணைய ஒழுக்க வழிகாட்டி ஒன்று, பெயர் விபரங்கள் நான்கு வரிகளைத் தாண்டக்கூடாது என்றது. இன்றும் நல்ல அளவு அதுதான். தேவையில்லாத இடத்தில் வீட்டு முகவரியையும் கைத்தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்காதீர்கள்.

• உங்கள் கைத்தொலைபேசி தானாகச் சேர்க்கும் விளம்பர வரியை நீக்கிவிடுங்கள். 1996இல் ஹொட்மெயில் தன் பாவனையாளர் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் தன் விளம்பரத்தைச் சேர்த்தே வேகமாகப் பரவியது. உங்கள் கடைசி வரி உங்களுடையதாக இருக்கட்டும்.

• தமிழில் எழுதுவதாயின் யுனிகோட் எழுத்தில் எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதினால், அது இல்லாத கணினியில் உங்கள் "மதிப்பிற்குரிய" புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும்.

• கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, காலையில் வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

இவற்றைச் சேர்த்து ஒரு மாதிரி இதோ:

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,
நான் தங்கள் பிரிவில் வசிக்கும் தையல் தொழிலாளி. சுயதொழில் உதவிக்காக நான் கொடுத்த விண்ணப்பத்தின் தற்போதைய நிலையை அறிய விரும்புகிறேன். விண்ணப்பத்தின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.
நன்றி.
இங்ஙனம்,
(முழுப் பெயர்)
(கிராம அலுவலர் பிரிவு)

ஒரு நிமிட வேலைதான். இதில் யாரும் யாருக்கும் கீழ்ப்படியவில்லை; யாரும் யாரையும் அவமதிக்கவுமில்லை. தன் தேவையை அறிந்த ஒரு பெண், தன் கடமையை அறிந்திருக்க வேண்டிய ஓர் அலுவலருக்கு எழுதுகிறாள்.

இன்றைய பிள்ளைகள் நம்மைவிட விரைவாகத் தட்டச்சுச் செய்வார்கள். ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவர்களும் முதல் வரியில் தயங்கி நிற்கிறார்கள். வீட்டில் வயது வந்த மகள் இருந்தால் ஒரு மாலை நேரம் அருகில் அமர்த்தி, அவளுடைய முதலாவது விண்ணப்ப மின்னஞ்சலைச் சேர்ந்து எழுதிப் பாருங்கள். கடைசி வரியில் அவள் தன் முழுப் பெயரையும் தயக்கமின்றி எழுதட்டும்.